காபித்தூள் மண்

பள்ளிக்கூடத்தில் புவியியல் படித்த எல்லோருக்கும் ஒரு வரி ஞாபகம் இருக்கும்: தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பரவி உறைந்தது, அந்தப் பசால்ட் பாறை சிதைந்து கரிசல் மண் ஆனது. இரண்டு மார்க் கேள்வி. நானும் எழுதி மார்க் வாங்கினவன்தான். அதனால், பிரேசிலின் காபி வரலாற்றைப் படிக்கப் போன இடத்தில் ‘டெர்ரா ரோஷா’ என்ற மண்ணைப் பற்றி வாசித்தபோது, எங்கேயோ தப்பாகப் புரிந்துகொண்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கேயும் எரிமலைக் குழம்புதான். அதே பசால்ட்தான். ஆனால் மண் செக்கச்செவேல் என்று இருக்கிறது. ஈரமாக இருக்கும்போது கொஞ்சம் நாவல்பழச் சாயல்கூட அடிக்கும்.

ஒரே கல், ஒரு நாட்டில் கறுப்பு, இன்னொரு நாட்டில் சிவப்பு. எப்படி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில், மண் வேதியியலில் தொடங்கி அடிமை முறை, இத்தாலியக் கூலிகள், ஒரு பிரிட்டிஷ் லார்டு, ஒரே இரவில் செத்த காபித் தோட்டங்கள் என்று எங்கெங்கோ போய் நின்றேன்.

முதலில் பாறை. தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் பிரியத் தொடங்கிய காலத்தில், ஏறத்தாழ 13.4 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இன்றைய தெற்கு பிரேசிலில் தரை பிளந்து குழம்பு வெளியே வந்தது. கூம்பு மாதிரி உயர்ந்து நின்று புகை கக்கும் எரிமலையைக் கற்பனை செய்யாதீர்கள். நீண்ட பிளவுகள் வழியாகக் குழம்பு வெள்ளம் போல வழிந்து, அடுக்கின் மேல் அடுக்காக உறைந்தது. சில இடங்களில் மொத்தக் கனம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். மூடிய பரப்பு 10 லட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டும். கண்டங்கள் பிரிந்தபோது இதில் ஒரு துண்டு ஆப்பிரிக்காவோடு போய்விட்டது. நமீபியாவின் எட்டெண்டெகா மலைகளில் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம். நம் தக்காணக் குழம்பு இதற்கு வெகு காலம் பின்னால், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்தது.

இனி சிதைவு. பசால்ட் உருவானது 1,000 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில். அந்தச் சூட்டில் பிறந்த கனிமங்களுக்குப் பூமியின் மேற்பரப்பு அந்நிய தேசம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகக் கீழே இறங்குகிறது. சோடியம், கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் முதலில் கரைந்து ஓடைக்குப் போய்விடும். அடுத்து சிலிக்கா மெல்ல மெல்லக் கரையும். எதெல்லாம் நீரில் கரைய மறுக்கிறதோ அது மட்டும் மிஞ்சும். அதாவது இரும்பும் அலுமினியமும். அலுமினியம் மிச்சமிருக்கும் சிலிக்காவோடு சேர்ந்து கயோலினைட் என்ற களிமண் ஆகும். சிலிக்கா ரொம்பவே தீர்ந்துபோனால் தனியாக கிப்சைட் ஆகும். இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துரு பிடிக்கும். அந்தத் துருவில் இரண்டு வகை முக்கியம். கோதைட் என்றால் மஞ்சள் கலந்த பழுப்பு. ஹேமடைட் என்றால் சிவப்பு. நல்ல வடிகாலும், நனைந்து நனைந்து காயும் வெப்பப் பருவமும் உள்ள இடத்தில் ஹேமடைட் கை ஓங்கும். ரொம்பக் கொஞ்சம் ஹேமடைட் இருந்தாலே மொத்த மண்ணும் சிவந்துவிடும், சோற்றில் பீட்ரூட் பட்ட மாதிரி. டெர்ரா ரோஷாவிலோ கொஞ்சநஞ்சம் இல்லை. அசல் வகையில் இரும்பு ஆக்சைடு மட்டுமே 18 சதவீதத்துக்கு மேல். பாறையிலிருந்த காந்தக் கனிமங்களும் கூடவே தங்கிவிடுவதால், உலர்ந்த மண்ணில் ஒரு காந்தத்தை வைத்தால் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும்.

அப்படியானால் தக்காணத்தில் ஏன் கறுத்தது? காரணம் கல் இல்லை, தண்ணீர். தக்காணத்தின் உள்பகுதியில் மழை குறைவு, நிலம் தட்டை, நீர் சீக்கிரம் வெளியேறாது. சிலிக்காவும் மெக்னீசியமும் கால்சியமும் ஓடிப்போக வழியில்லாமல் அங்கேயே தங்கி, ஸ்மெக்டைட் என்ற வேறு வகைக் களிமண்ணைக் கட்டுகின்றன. நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதுதான் கரிசல். கறுப்பாக இருக்கிறதே, மக்கு நிறைய இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கரிமம் பெரும்பாலும் ஒரு சதவீதம்கூட இருக்காது. இருக்கிற கொஞ்சமும் களிமண்ணோடு இறுகப் பிணைந்து கறுப்பைக் கொடுக்கிறது. இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் பிரேசில் வரை போக வேண்டாம். அதே தக்காணப் பசால்ட்டின் மேல்தான் மகாபலேஷ்வர் இருக்கிறது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் இடம். அங்கே மலை உச்சி முழுக்கச் சிவந்த லேட்டரைட். மழை குறைந்த சமவெளியிலேயே கூட, மேட்டில் செம்மண்ணும் பள்ளத்தில் கரிசலும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்க்கலாம்.

நம் ஊரை எடுத்துக்கொண்டால் இந்தச் சமன்பாடு இன்னும் குழம்பும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலுக்கும் தக்காண எரிமலைக்கும் சம்பந்தமில்லை. அது நைஸ் போன்ற பழைய பாறைகள் சிதைந்து வந்தது. தமிழ்நாட்டுச் செம்மண்ணுக்கும் பெரும்பாலும் நைஸ், கிரானைட்தான் தாய். அந்தப் பாறைகளில் குவார்ட்ஸ் உண்டு, குவார்ட்ஸ் லேசில் சிதையாது. அதனால் நம் செம்மண்ணில் கை வைத்தால் மணல் நறநறக்கும். பசால்ட்டில் குவார்ட்ஸ் கிட்டத்தட்டக் கிடையாது. அது முழுசாகச் சிதைந்தால் மணல் என்று சொல்ல ஏதும் மிஞ்சாது, களி மட்டும்தான். ஆக நிறத்தைப் பார்த்துக் கல்லைச் சொல்ல முடியாது, கல்லைப் பார்த்து நிறத்தையும் சொல்ல முடியாது.

டெர்ரா ரோஷாவின் விசித்திரம் இந்தக் களியில்தான் இருக்கிறது. ஆய்வகத்தில் அளந்தால் 60 சதவீதத்துக்கும் மேல் களி. நம் அனுபவத்தில் அவ்வளவு களி இருந்தால் மழைக்கு வண்டி சிக்கும், நீர் இறங்காது, வேர் அழுகும். இது அப்படி நடந்துகொள்ளாது. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் களித்துகள்களை ஒட்டிச் சின்னச் சின்ன உருண்டைகளாக்கி வைத்திருக்கும். பிரேசில் மண்ணியலாளர்கள் இந்த அமைப்புக்கு வைத்திருக்கும் பெயரே ‘காபித்தூள்’. கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். உருண்டைகளுக்கு இடையில் நீர் மணலில் இறங்குவது போல இறங்கும், உருண்டைகளுக்கு உள்ளே ஈரம் தங்கும். மண்ணின் ஆழமோ பல மீட்டர். காபிச் செடியின் வேர் கேட்பது இதைத்தான்.

ஆனால் சத்து? மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள். கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் எப்போதோ ஓடைக்குப் போய்விட்டன. முழுசாக முற்றிய டெர்ரா ரோஷா கிட்டத்தட்ட ஒரு காலிப் பெட்டி. சத்தைப் பிடித்துவைக்கும் திறன் குறைவு, புளிப்பு அதிகம், போடுகிற பாஸ்பரஸையும் இரும்பு ஆக்சைடு கெட்டியாகப் பிடித்துக்கொண்டு செடிக்குத் தராது. பிறகு எப்படி அது உலகத்தின் சிறந்த காபி மண் என்று பெயர் வாங்கியது? அந்தச் சத்து காட்டில் இருந்தது. இலை உதிர்ந்து மக்கி, மேல்மண்ணில் சேர்ந்து, மறுபடி வேர் வழியாக மரத்துக்குப் போகும் ஒரு சுற்று. காட்டை வெட்டி எரித்தால் அந்தச் சேமிப்பு முழுக்கச் சாம்பலாகி ஒரே நாளில் மண்ணுக்கு வரும். அதை வைத்துத்தான் முதல் சில பத்தாண்டுகள் ஓடின. பாறை இன்னும் பக்கத்தில் இருக்கும் சரிவுகளில் கொஞ்சம் கூடுதல் சத்துள்ள இன்னொரு வகையும் உண்டு. அதையும் தோட்டக்காரர்கள் டெர்ரா ரோஷா என்றே சொன்னார்கள். ஒரே பெயரில் இரண்டு மண். இந்தக் குழப்பத்தில் நிலம் வாங்கியவர்கள் எத்தனை பேரோ!

பெயரைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். இத்தாலியக் குடியேறிகள் இந்த மண்ணைப் பார்த்து ‘தெர்ரா ரோஸ்ஸா’, செம்மண், என்றார்களாம். அதைக் காதில் வாங்கிய பிரேசில்காரர்கள் ‘ரோஷா’ என்று ஆக்கிக்கொண்டார்களாம். இன்றைய போர்த்துகீசியத்தில் ‘ரோஷோ’ என்றால் ஊதா, எனவே செம்மண் ஊதா மண் ஆகிவிட்டதாம். எல்லா இடத்திலும் இந்தக் கதையே வருகிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ‘ரோஷோ’வும் ஸ்பானிஷ் மொழியில் சிவப்பைக் குறிக்கும் ‘ரோஹோ’வும் லத்தீனின் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். ஸ்பானிஷிலும் பழைய எழுத்துமுறையில் அதே எழுத்துதான். அந்த வேரின் பொருள் சிவப்புதான். ஊதா பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. மேலும், இத்தாலியர்கள் பெருவாரியாக வந்தது 1880களின் பிற்பகுதியில். தோட்டக்காரர்கள் அதற்குப் பத்து வருஷம் முன்பே இந்த மண்ணைத் தேடி ஓடத் தொடங்கிவிட்டார்கள். அவ்வளவு காலம் பெயர் வைக்காமலா இருந்திருப்பார்கள்? கதை அழகாக இருக்கிறது, அதனால் பிழைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, ஓடி வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரேசிலின் காபி ரியோவுக்கு மேலே உள்ள பராயிபா ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளைந்தது. கிரானைட், நைஸ் மலைச் சரிவுகள். ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பு. செடிகளைச் சரிவின் குறுக்கே நடாமல் அடிவாரத்திலிருந்து உச்சி வரை நேர்கோடாக நட்டார்கள். கங்காணி கீழே நின்றபடியே எல்லா வரிசையையும் கண்காணிக்கலாம் என்பது அதன் வசதி. மழைநீருக்கும் அதே வசதி. ஒவ்வொரு வரிசையும் ஒரு வாய்க்காலாகி மேல்மண்ணை அடித்துக்கொண்டு போனது. இரண்டு மூன்று தலைமுறையில் மலைகள் மொட்டை. முதலாளிகள் புதுக்காடு தேடி சாவோ பாவ்லோ மாகாணத்தின் மேற்கே நகர்ந்தார்கள். அங்கேதான் சிவப்பு மண் இருந்தது.

1867இல் சாண்டோஸ் துறைமுகத்திலிருந்து மலையேறி ஜுண்டியாய் வரை ரயில் வந்தது. 1883இல் மொஜியானா ரயில் ரிபெய்ராவ் பிரெட்டோவைத் தொட்டது. அதற்கும் முன்பே, 1879இல், என்ரிக் டுமோண்ட் என்ற பொறியாளர் அங்கே நிலம் வாங்கிக் காபி போட்டிருந்தார். லட்சக்கணக்கான செடிகள், தோட்டத்துக்குள்ளேயே ரயில். அவர் மகன் சிறுவயதில் அந்த எஞ்சின்களை ஓட்டிப் பழகினான். பிற்பாடு பாரிஸுக்குப் போய்ப் பறக்கும் இயந்திரங்கள் கட்டிய ஆல்பெர்ட்டோ சாண்டோஸ் டுமோண்ட் அவன்தான். அவன் செலவழித்த பணம் இந்த மண்ணில் விளைந்தது.

அப்போது மண் பரிசோதனை எப்படி? காம்பினாஸில் அரசு வேளாண் ஆய்வு நிலையம் 1887இல்தான் வந்தது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும் கூட, நிலம் பார்க்கப் போனவர்கள் குனிந்து மண்ணைப் பார்க்கவில்லை, நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார்கள். பாவ் டால்யோ என்று ஒரு மரம், பூண்டு மரம் என்று பொருள். காட்டுக்குள் பூண்டு வாசனை அடித்தால் கீழே முதல்தர மண் என்று அர்த்தம். வெள்ளை அத்தி இன்னொரு அடையாளம். இது நல்ல அறிவுதான், தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மரம் காட்டியது மண்ணின் சத்தை மட்டுமல்ல, அந்தச் சத்தைச் சுழற்றிக்கொண்டிருந்த காட்டையும்தான். அடையாளம் கண்டுபிடித்த கையோடு அதை வெட்டினார்கள்.

உழைத்தவர்கள் யார் என்பது மாறியது. 1888 மே 13 அன்று பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது. சாவோ பாவ்லோ அரசு கப்பல் கூலி கொடுத்து ஐரோப்பியக் குடும்பங்களை வரவழைத்தது. பெரும்பாலும் இத்தாலியர்கள். ஆயிரம் செடிக்கு இவ்வளவு என்று பராமரிப்புக் கூலி, பறிப்புக்குத் தனிக் கூலி, வரிசைகளுக்கு இடையில் சோளமும் பீன்ஸும் போட்டுக்கொள்ள அனுமதி. காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. தோட்டத்துக் கடையில் கடன், தாமதக் கூலி, அபராதம் என்று புகார்கள் ரோம் வரை போய், 1902இல் இத்தாலி அரசு இலவசக் கப்பல் டிக்கெட்டில் பிரேசிலுக்கு ஆள் பிடிப்பதையே தடை செய்தது. 1908இல் ஜப்பானியர்கள் வந்து இறங்கினார்கள். இலங்கை மலையகத்தில் நம் ஆட்கள் தூக்கி நிறுத்திய காபி, இலைத்துரு நோயால் அழிந்ததும் இந்தக் காலத்தை ஒட்டித்தான். அங்கே தேயிலைக்கு மாறினார்கள். இங்கே சிவப்பு மண்ணில் காபி இன்னும் இன்னும் பரவியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகக் காபியில் பாதிக்கு மேல் பிரேசிலுடையது. விலை விழுந்தபோது, 1931 முதல் 1944 வரை, ஏறத்தாழ 7.8 கோடி மூட்டை காபியை அரசே எரித்தது.

அடுத்த கட்டம் தெற்கே, பரானா மாநிலத்தின் வடக்கில். இங்கே நமக்குப் பழக்கமான ஒரு பெயர் வருகிறது. மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தம் ஞாபகம் இருக்கிறதா? அந்த எட்வின் மாண்டேகு, இந்தியா மந்திரி பதவியை விட்டபின், பிரேசிலின் கடன் நிலவரத்தைப் பார்க்கப் போன பிரிட்டிஷ் குழுவுக்கு 1924இல் தலைமை வகித்தார். கூடப் போனவர்களில் லார்டு லோவட் ஒருவர். அவர் கண்ணில் சிவப்பு மண் பட்டது. அடுத்த ஆண்டே நிலக் கம்பெனி தயார். 12 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் வாங்கி, சின்னச் சின்னத் துண்டுகளாகத் தவணையில் விற்றார்கள். கைங்காங் பழங்குடிகள் வாழ்ந்த நிலத்தைக் கம்பெனி ஆளில்லாக் காடு என்றே விளம்பரம் செய்தது. 1929இல் தொடங்கிய ஊருக்கு லண்டன் ஞாபகமாக லாண்ட்ரினா என்று பெயர் வைத்தார்கள்.

துண்டு போட்ட விதம் கெட்டிக்காரத்தனமானது. சாலைகள் மேட்டின் உச்சியில், ஓடைகள் பள்ளத்தில். ஒவ்வொரு மனையும் சாலையில் தொடங்கி ஓடையில் முடியும் நீளமான பட்டை. ஓடையோரம் வீடு, தண்ணீர், பன்றி. மேட்டில் காபி. காரணம் பனி. குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும், மேடு தப்பிக்கும். லாண்ட்ரினா கிட்டத்தட்ட மகர ரேகையின் மேலேயே இருக்கிறது. அந்த அளவு தெற்கே காபி போடுவது சூதாட்டம்தான். மண்ணை நம்பி ஆடினார்கள். ஜெர்மானியர், இத்தாலியர், ஜப்பானியர் எல்லோர் காலும் ஒரே நிறமானது. ‘பே வெர்மெல்யோ’, செங்கால்காரர், என்று அந்தப் பகுதியினரை இன்றும் சொல்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் கேலியாகச் சொன்னதை அவர்கள் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள்.

1975 ஜூலை 18. முந்தைய இரவு விழுந்த பனி பள்ளம், மேடு என்று பார்க்கவில்லை. காலையில் வடக்குப் பரானாவின் காபி முழுக்கக் கருகி நின்றது. அடுத்த வருஷ விளைச்சல் கிட்டத்தட்டப் பூஜ்யம். உலகச் சந்தையில் காபி விலை எகிறியது. மண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அப்படியேதான் இருந்தது. காபியைப் பிடுங்கிவிட்டு சோயாவும் கோதுமையும் போட்டார்கள். அதற்கு டிராக்டர் போதும், குடும்பங்கள் வேண்டாம். 1970களில் மட்டும் பரானாவின் கிராம மக்கள்தொகை 10 லட்சத்துக்கும் மேல் குறைந்தது. செங்கால்காரர்கள் ரொண்டோனியாவுக்கும் பராகுவேக்கும் நகரச் சேரிகளுக்கும் போனார்கள்.

மண்ணுக்கும் இப்போதுதான் உண்மையான கஷ்டம் வந்தது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த அந்தக் காபித்தூள் உருண்டைகளை வட்டுக் கலப்பை வருஷத்துக்கு இரண்டு தடவை அரைத்து மாவாக்கியது. கனமான இயந்திரம் அடியில் இறுக்கியது. அக்டோபர், நவம்பரில் சோயா விதைக்க நிலம் வெறுமையாகக் கிடக்கும்போதுதான் பெருமழை வரும். மணல் போல நீரை விழுங்கிய மண், மேலே ஏடு கட்டி நீரை ஓடவிட்டது. ஆறுகள் செந்நிறமாகப் போயின.

லாண்ட்ரினாவுக்குப் பக்கத்து ஊரான ரோலாண்டியாவில் எர்பெர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி இருந்தார். 1971இல் ஒரு பெருமழை அவர் வயலின் மேல்மண்ணை விதையோடு கொண்டுபோவதைப் பார்த்தார். ராத்திரித் தூக்கம் போயிற்று. அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த ரோல்ஃப் டெர்ப்ஷ் என்ற ஜெர்மானிய வேளாண் விஞ்ஞானியிடம் விசாரித்து, 1972இல் அமெரிக்காவின் கென்டக்கிக்குப் போனார். அங்கே ஹாரி யங் என்பவர் பத்து வருஷமாக உழாமலே விதைத்துக்கொண்டிருந்தார். பார்ட்ஸ் அதற்கான விதைப்பு இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுத் திரும்பி, அதே வருஷம் முந்தைய பயிரின் தட்டையைக் கிளறாமல் அதன் ஊடே சோயா விதைத்தார். பைத்தியக்கார ஜெர்மன்காரன் என்று அக்கம்பக்கம் சிரித்தது. களை தலைவலியாகத்தான் இருந்தது. களைக்கொல்லியை நம்ப வேண்டியிருந்தது, அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் மண் நின்றது. பத்து, பதினைந்து வருஷத்தில் பக்கத்து ஊர்கள் பின்பற்றின. இன்று பிரேசிலில் கோடிக்கணக்கான ஹெக்டேர் உழாமல் விதைக்கப்படுகிறது. 2021இல் பார்ட்ஸ் இறந்தார்.

1999இல் பிரேசில் தன் மண் வகைப்பாட்டைத் திருத்தி எழுதியபோது டெர்ரா ரோஷா என்ற பெயரை அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு பெயருக்குள் ஒளிந்திருந்த இரண்டு மண்ணையும் பிரித்து, முற்றியதை ‘லாட்டோசோலோ வெர்மெல்யோ’ என்றும், சரிவில் உள்ள சத்தான வகையை ‘நிட்டோசோலோ வெர்மெல்யோ’ என்றும் சொல்கிறார்கள். அறிவியல்படி அதுதான் சரி. பழைய பெயர் ஊர்ப்பெயராக இன்னும் இருக்கிறது. சாவோ பாவ்லோவில் ஒரு டெர்ரா ரோஷா, பரானாவில் இன்னொன்று.